இரண்டே முக்கால் வருடமாக ‘டிரெய்னி’: சங்கம் வைக்கலாமா, கையெழுத்துப் போடலாமா?

அந்தியூர் பக்கத்திலிருந்து 23 வயதுப் பெண் ஒருவர் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றிவிட்டுக் கடிதத்தின் சாரத்தைத் தருகிறேன்.

பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்தவர். கோவைக்குக் கிழக்கே ஓர் ஆலையில் இரண்டு வருடம் எட்டு மாதமாக வேலை. கார்களுக்கும் மின்சார ஸ்கூட்டர் சார்ஜர்களுக்கும் போகும் சர்க்யூட் போர்டுகள் அங்கே தயாராகின்றன. முதல் வருடம் ‘டிரெய்னி’ ஆர்டர். அது முடிந்ததும் இரண்டு நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ‘அட்வான்ஸ்டு டிரெய்னி’ என்று இன்னொரு ஆர்டர். அப்புறம் மறுபடி இரண்டு நாள், மூன்றாவது ஆர்டர். ஆனால் முதல் இரண்டு மாதத்துக்குப் பிறகு யாரும் எதுவும் கற்றுத்தரவில்லை. எஸ்.எம்.டி. லைனில் (போர்டில் சின்னச் சின்னப் பாகங்களைப் பொருத்தும் வரிசை) நின்றார், இப்போது மைக்ராஸ்கோப்பில் போர்டு பார்க்கிறார். புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும் இவர்தான். ஓ.டி. பார்த்தால் ஒற்றைக் கூலி. சம்பளச் சீட்டில் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., விடுதி, சாப்பாடு எல்லாம் பிடித்தம் போக 12,400 ரூபாய் கைக்கு வருகிறது. ஆலையில் ஏறக்குறைய 640 பேர். நிரந்தரம் ஆனவர்கள் நூறு பேர்கூடத் தேறமாட்டார்கள் என்கிறார்.

சோல்டரிங் பக்கம் நின்ற நாளில் வந்த இருமல் இன்னும் போகவில்லை என்று விடுதியில் ஒருத்தி சொல்ல, அதிலிருந்து பேச்சு வளர்ந்து, 14 பெண்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்திருக்கிறார்கள். ‘சங்கம்’ என்ற வார்த்தை அதில் வந்த மூன்றாம் நாளே ஹெச்.ஆர். இவரைத் தனியாகக் கூப்பிட்டிருக்கிறார். “நீ நல்லா வேலை செய்யற பொண்ணு. லைன் லீடர் ஆக்கலாம்னு இருக்கோம். யார் யார் பேசறாங்கன்னு மட்டும் சொல்லு.” கூடவே எல்லோரிடமும் ஒரு வருடத்துக்கான ‘நிர்ணயிக்கப்பட்ட கால’ வேலை ஒப்பந்தத்தை நீட்டி, வரும் மாதக் கடைசிக்குள் கையெழுத்துக் கேட்கிறார்கள். அதில், இதுவரை இருந்த பயிற்சிக் காலத்துக்கு எந்த உரிமையும் கோரமாட்டேன் என்று ஒரு வரி இருக்கிறது. கோபத்தில், ஒருநாள் எல்லோரும் லீவு போட்டுவிடலாம் என்று குழுவில் முடிவாகப் போகிறது. அப்பா கோவை மில் ஒன்றில் வேலை பார்த்து, மில் மூடியபின் ஊருக்குத் திரும்பியவர். “சங்கம் சங்கம்னு போய்த்தான் நாங்க மில்லையே தொலைச்சோம். பொட்டப்புள்ள உனக்கு இது வேண்டாம்” என்கிறார்.

டிரெய்னிகள் சங்கத்தில் சேர முடியுமா, எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் சங்கம் கூடாது என்று சட்டம் இருப்பது உண்மையா, சங்கம் வந்தால் கம்பெனி வேறு மாநிலத்துக்குப் போய்விடுமா, அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடலாமா என்பவை இவருடைய கேள்விகள்.

அம்மணி, உங்கள் கடிதத்தில் ஒரு வரியை அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். ‘நான் கத்துக்க வந்தவளா, கத்துக்கொடுக்க வந்தவளான்னே தெரியலை’ என்று எழுதியிருக்கிறீர்கள். வழக்காடும் நாங்கள் பத்துப் பக்கம் எழுதிச் சொல்வதை நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டீர்கள். நீங்கள் முதலில் கேட்டது சங்கம் பற்றி. நான் அதைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, சட்டத்தின் பார்வையில் நீங்கள் யார் என்பதிலிருந்து தொடங்குகிறேன். அது தெளிந்தால் மற்றக் கேள்விகளின் பாரம் பாதி குறைந்துவிடும்.

டிரெய்னி என்று எழுதிவிட்டால் டிரெய்னி ஆகிவிடுவாரா?

டிரெய்னிகளில் இரண்டு வகை உண்டு. 1961ஆம் வருடத்து அப்ரண்டிஸ் சட்டப்படி எடுக்கப்பட்டவர்கள் ஒரு வகை. அவர்களுக்கு அரசுத் தளத்தில் பதிவான ஒப்பந்தம் இருக்கும். கிடைப்பது உதவித்தொகை. மத்திய அரசின் ஊக்குவிப்புத் திட்டத்தில் அந்தத் தொகையில் கால் பங்கை, மாதம் 1,500 ரூபாய்க்கு மிகாமல், அரசே ஏற்றுக்கொள்கிறது. அவர்கள் தொழிலாளர் அல்ல, பயிற்சி பெறுபவர் என்று அந்தச் சட்டமே சொல்லிவிடுகிறது. அதனால் அவர்களுக்கு பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. கிடையாது.

இன்னொரு வகை, கம்பெனி தன் வசதிக்கு டிரெய்னி என்று பெயர் வைத்துக்கொண்டவர்கள். வேலை முழு வேலை. ஷிஃப்ட் முழு ஷிஃப்ட். டார்கெட் நிரந்தரத் தொழிலாளிக்கு உள்ள அதே டார்கெட். பெயர் மட்டும் வேறு.

நீங்கள் எந்த வகை? உங்களுக்கு பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அது சாதாரண விஷயம் இல்லை. நீங்கள் அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் வரவில்லை என்பதற்கு கம்பெனியே மாதாமாதம் அரசுக்கு எழுதிக்கொடுக்கும் சாட்சி அது. உங்கள் பெயரில் அப்ரண்டிஸ் ஒப்பந்தம் பதிவாகியிருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால், இந்த வழக்கில் உங்கள் கால் நிற்கும் இடம் நல்ல கெட்டித்தரை.

அடுத்தது 480 நாள் கணக்கு. தமிழ்நாட்டில் 1981இலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது: தொழில் நிறுவனங்கள் (தொழிலாளர்களுக்கு நிரந்தரத் தகுதி வழங்கல்) சட்டம். 24 மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது. மாதம் 26 நாள் என்று வைத்தால் 19ஆவது மாதத்திலேயே உங்களுக்கு 480 தாண்டிவிட்டது. இடையில் இரண்டு நாள் வீட்டுக்கு அனுப்பினார்களே, அது இந்தக் கணக்கைக் கலைப்பதற்காகச் செய்வது. இங்கே மில்லுக்கு மில் பார்த்துப் பழகிய வித்தைதான். ஆனால் தொழிலாளியின் தவறில்லாமல் வேலை நின்ற நாட்கள் தொடர்ச்சியை முறிக்காது என்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது.

2025 நவம்பர் 21 முதல் மத்திய அரசின் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டன. பழைய சட்டமெல்லாம் போச்சு என்று உங்களிடம் சொல்வார்கள். தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் ரத்து செய்தது மூன்று மத்தியச் சட்டங்களை. இந்த 1981ஆம் வருடச் சட்டம் மாநிலத்துடையது, அந்தப் பட்டியலில் இல்லை. புதிய சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் ‘நியாயமற்ற தொழில் நடைமுறைகள்’ என்று ஒரு பட்டியல் இருக்கிறது. நிரந்தரத் தொழிலாளியின் தகுதியும் சலுகையும் கிடைக்காமல் செய்வதற்காகவே ஆட்களைத் தற்காலிகமாக வருடக்கணக்கில் வைத்திருப்பது அதில் ஒன்று. உங்கள் ஆலையைப் பார்த்து எழுதியதைப் போலவே இருக்கும்.

எல்லாம் சுலபமாக முடிந்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். நிர்வாகத்தின் வக்கீல் சும்மா இருக்கமாட்டார். டிரெய்னி தொழிலாளியே அல்ல என்பார், மூன்று ஆர்டரும் தனித்தனி என்பார். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் ஆய்வாளரிடம் மனுக் கொடுத்தால், தகராறு சிக்கலானது, தொழிலாளர் நீதிமன்றம் போங்கள் என்று அவர் சொல்லவும் கூடும். நீதிமன்றம் என்றால் மாதக்கணக்கு இல்லை, வருடக்கணக்கு. ஆனாலும் இந்த உரிமை நீங்கள் ஏற்கெனவே சம்பாதித்துவிட்டது. புதிதாக யாரிடமும் கெஞ்சிக் கேட்பதல்ல.

அந்தக் காகிதம்

இப்போது உங்கள் முன் இருக்கும் காகிதத்துக்கு வருகிறேன். நிர்ணயிக்கப்பட்ட கால வேலை என்பது சட்டவிரோதம் அல்ல. புதிய சட்டம் அதை வெளிப்படையாகவே அனுமதிக்கிறது. அப்படி எடுக்கப்பட்டவருக்கு, அதே வேலை செய்யும் நிரந்தரத் தொழிலாளிக்கு உள்ள கூலியும் சலுகையும் தர வேண்டும். ஒரு வருடம் முடித்தால் பணிக்கொடை தர வேண்டும். புதிதாக வேலைக்கு வரும் ஒரு பெண்ணுக்கு இது டிரெய்னி ஆர்டரைவிட மேல் என்றுதான் சொல்வேன். ஆனால் காலம் முடிந்ததும் வேலையும் முடிந்தது. அதை ஆட்குறைப்பு என்று சொல்லிக் கேட்க முடியாது. இரண்டு வருடம் எட்டு மாதத்தைக் கொடுத்துவிட்டு ஒரு வருடத்தை வாங்குவது உங்களுக்கு நட்டக் கணக்கு.

அதனால் முடிந்தவரை கையெழுத்துப் போடாதீர்கள். ‘போடமாட்டேன்’ என்று சண்டைக்கு நிற்கவும் வேண்டாம். நகல் கேளுங்கள், வீட்டில் காட்டிவிட்டு வருகிறேன் என்று ஒரு வாரம் கேளுங்கள். அந்த ஒரு வாரத்துக்குள் 480 நாள் கணக்கைக் காட்டி நிரந்தரம் கேட்டு நிர்வாகத்துக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போக வேண்டும், அதன் நகல் ஆய்வாளருக்குப் போக வேண்டும். எது முதலில் நடந்தது என்பதைத் தேதிதான் பேசும்.

வேறு வழியில்லாமல் போட வேண்டி வந்தால்? ‘போடு, இல்லாவிட்டால் கிளம்பு’ என்று கேட்டிலேயே நிறுத்தினால், விடுதி அறையும் அந்த வேலையோடு சேர்ந்து போகும் என்பதால் பல பெண்கள் போட்டுவிடுவார்கள். அவர்களைத் திட்டாதீர்கள். கையெழுத்தின் பக்கத்தில் ‘என் முந்தைய பணிக்கால உரிமைகளுக்குப் பங்கமில்லாமல்’ என்று எழுதித் தேதி போடுங்கள். எழுத விடவில்லையா, அன்று இரவே உங்கள் சொந்த மின்னஞ்சலிலிருந்து ஹெச்.ஆருக்கு நடந்ததை நாலு வரியில் எழுதி அனுப்புங்கள். சட்டம் தந்த உரிமையைக் காகிதத்தில் விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கினாலும் அது செல்லாது என்று வாதிட எங்களுக்கு நல்ல இடம் உண்டு. அந்த வாதத்துக்கு அன்றிரவு நீங்கள் அனுப்பும் மின்னஞ்சல் பெரிய பலம்.

சங்கம்: எது சரி, எது கட்டுக்கதை

எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் சங்கம் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. சிறப்புப் பொருளாதார மண்டலமாக இருந்தாலும் இல்லை. சங்கம் சேரும் உரிமை அரசியல் சாசனத்தின் 19ஆவது பிரிவில் இருக்கிறது. ஐ.டி. ஊழியர்களுக்கே தடை எதுவும் இல்லை என்று தமிழ்நாடு அரசு 2016இல் தெளிவுபடுத்தியிருக்கிறது. போர்டில் சோல்டர் வைப்பவருக்கு இல்லாமல் போகுமா?

டிரெய்னிகள் சேரலாமா என்றால், சேரலாம் என்பதுதான் என் கருத்து. புதிய சட்டத்தில் சங்கம் பற்றிய அத்தியாயத்துக்கு மட்டும் ‘தொழிலாளி’ என்ற சொல்லுக்கு அகலமான பொருள் கொடுத்திருக்கிறார்கள்: தொழிலில் வேலைக்கு அமர்த்தப்பட்ட எல்லோரும். உங்களைப் போன்றவர்களை வெளியே நிறுத்த அதில் இடம் இல்லை.

எண்ணிக்கை பற்றி நீங்கள் நினைத்திருப்பது தவறு. ‘ஏழு பேர் இருந்தால் போதும்’ என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட ஏழு பேர் போதும், சரி. ஆனால் ஆலையின் தொழிலாளர்களில் பத்தில் ஒரு பங்கு அல்லது நூறு பேர், இதில் எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருந்தாக வேண்டும். 640 பேருக்கு 64 பேர். உங்கள் குழுவில் இப்போது இருப்பது 14 பேர். மீதி 50 பேர் எங்கிருந்து வருவார்கள் என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி. விடுதிப் பெண்களோடு நின்றுவிட்டால் வரமாட்டார்கள். பல்லடம், சூலூர் பக்கமிருந்து கம்பெனி பஸ்ஸில் வருபவர்கள், வடமாநிலத்துப் பிள்ளைகள், அந்த நூறு நிரந்தரத் தொழிலாளர்கள், இவர்களில் யாருடைய நம்பிக்கையாவது உங்களுக்கு இருக்கிறதா? கடிதத்தில் அவர்களைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

பதிவு ஆனாலும் உடனே நிர்வாகம் மேசைக்கு வந்து உட்கார்ந்துவிடாது. ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்கள் இருந்தால் 51 சதவீதம் பேர் கொண்ட சங்கம்தான் தனியாகப் பேச்சு நடத்தும். அப்படி ஒன்று இல்லையென்றால் குறைந்தது 20 சதவீதம் உள்ள சங்கங்கள் சேர்ந்த குழு பேசும். நிர்வாகமே தன் பிடியில் ஒரு சங்கத்தை ஆரம்பித்துவைப்பதும் நடக்கும். அதுவும் மேலே சொன்ன அட்டவணையில் தடை செய்யப்பட்டதுதான்.

ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங் ஆலையில் நடந்ததை நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். 2024 செப்டம்பர் 9 அன்று தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் போனது. சங்கப் பதிவு விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரி 27 அன்றுதான் பதிவு கைக்கு வந்தது. சங்கத்தின் பெயரில் கம்பெனியின் பெயர் வரலாமா என்பதே அங்கே பெரிய தகராறு. அதிலிருந்து நான் உங்களுக்கு எடுத்துச் சொல்வது சின்ன விஷயம்தான்: சங்கத்துக்குப் பெயர் வைக்கும்போது கம்பெனியின் வணிகப் பெயரைத் தவிர்த்துவிடுங்கள். பெயரில் போகும் ஆறு மாதத்தை மிச்சம் பிடிக்கலாம்.

தனிச் சங்கம் ஆரம்பிப்பதா, கோவையில் அலுவலகம் வைத்திருக்கும் மத்தியச் சங்கம் ஒன்றில் சேர்வதா என்று கேட்டால், முதல்முறை என்பதால் இரண்டாவது வழி நல்லது. எந்தக் கொடி என்று நான் சொல்லமாட்டேன். நேரில் போய், எங்கள் மாதிரிப் பெண்கள் இருக்கும் எந்த ஆலையில் உங்கள் சங்கம் இருக்கிறது, அங்கே கடைசியாக என்ன ஒப்பந்தம் போட்டீர்கள், அந்தக் காகிதத்தைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். காகிதம் காட்டாமல் பிரசங்கம் செய்தால் எழுந்து வந்துவிடுங்கள். வெளியாட்கள் சங்கத்தைக் கைப்பற்றிவிடுவார்கள் என்று பயப்படவும் வேண்டாம். நிர்வாகிகளில் வெளியாட்கள் மூன்றில் ஒரு பங்கு அல்லது ஐந்து பேர், எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது.

சங்கத்துக்கு முன்னால் இன்னொரு படி இருக்கிறது, பலரும் அதைப் பார்ப்பதே இல்லை. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குறைதீர் குழு கட்டாயம். அதிகபட்சம் பத்து பேர், இரு தரப்புக்கும் சமபங்கு, பெண்களுக்கு அவர்களுடைய எண்ணிக்கைக்கு ஏற்ற இடம். உங்கள் ஆலையில் அது யார் யார் என்று எழுதிக் கேளுங்கள். ஓ.டி.க்கு இரட்டைக் கூலி என்பது சட்டம். அதை அங்கே முதல் மனுவாகக் கொடுங்கள். சங்கம் என்ற சொல்லே இல்லாமல் நீங்கள் ஒன்றாகக் கையெழுத்துப் போட்டுப் பழகும் முதல் காகிதம் அதுவாக இருக்கட்டும்.

ஒருநாள் லீவு: வேண்டாம்

இதை மட்டும் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். எல்லோரும் ஒரே நாளில் லீவு போடுவது வேலைநிறுத்தம் ஆகாது என்று உங்கள் குழுவில் பேசியிருக்கிறீர்கள். முன்பு அப்படி வாதாட இடம் இருந்தது. புதிய சட்டத்தில் பாதிப் பேர் அல்லது அதற்கு மேல் பேசிவைத்துக்கொண்டு ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தால் அது வேலைநிறுத்தம்தான் என்று எழுதியே வைத்துவிட்டார்கள். வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். சமரசப் பேச்சு நடக்கும்போதும் அது முடிந்து ஏழு நாள் வரையிலும் கூடாது. மீறினால் 1,000 முதல் 10,000 ரூபாய் வரை அபராதம், ஒரு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

பாதிப் பேர் சேராவிட்டால்? அப்போதும் தப்பில்லை என்று இல்லை. பத்து பேரோ அதற்கு மேலோ பேசிவைத்துச் சொல்லாமல் நின்றால், வேலை நிபந்தனையில் அதற்கு இடம் இருந்தால், எட்டு நாள் கூலி வரை பிடிக்க ஊதியச் சட்டம் அனுமதிக்கிறது. ஒருநாள் கோபத்துக்கு எட்டு நாள் கூலி. அதோடு உங்கள் கையில் இருக்கும் நல்ல வழக்கைக் கீழே போட்டுவிட்டு, அவர்களுக்கு ஒரு வழக்கை நீங்களே எடுத்துக் கொடுத்ததாகும்.

வார்த்தையிலும் கை வைப்பதிலும் கவனம். 2009இல் நம் கோவையிலேயே, ஒரு வாகன உதிரிபாக ஆலையில் நெடுநாள் ஓடிய தகராறின் நடுவே மனிதவள அதிகாரி ஒருவர் தாக்கப்பட்டு இறந்தார். ஒரு குடும்பம் ஆளை இழந்தது. பல தொழிலாளிக் குடும்பங்கள் வருடக்கணக்கில் சிறைக்கும் கோர்ட்டுக்கும் நடந்தன. அவர்கள் முதலில் என்ன கேட்டார்கள் என்பது அதன் பிறகு யார் காதிலும் ஏறவில்லை.

ஹெச்.ஆர். பெயர் கேட்டாரே, அதற்கு: பெயர் சொல்லாதீர்கள், பொய்யும் சொல்லாதீர்கள். “அதைப் பத்தி நான் சொல்றதுக்கு ஒண்ணும் இல்லீங்க சார்” என்பது போதும். வெளியே வந்ததும் தேதி, நேரம், அவர் சொன்ன சொற்கள் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். சங்கத்தில் சேர்ந்தால் வேலை போகும் என்று மிரட்டுவதும், தொழிலாளர்களுக்குள் பிளவு உண்டாக்க ஒருத்தருக்கு மட்டும் தகுதியில்லாத பதவி உயர்வு கொடுப்பதும் அந்த அட்டவணையில் இருக்கின்றன. உங்களுக்குத் தகுதி இருக்கிறது, அது வேறு விஷயம். லைன் லீடர் பதவி உங்களுக்கு வர வேண்டியதே; அதற்கு விலையாகப் பதிமூன்று பெயர் கேட்பதுதான் தப்பு.

அப்பா சொன்னது

உங்கள் அப்பாவை எதிர்த்துப் பேசாதீர்கள். அவர் பார்த்ததைத்தான் சொல்கிறார். 1888இல் ஸ்டேன்ஸ் மில் வந்ததிலிருந்து இந்த ஊரின் சோறு பஞ்சிலிருந்துதான் வந்தது. அந்தச் சோற்றுக்காக இந்த ஊர் கொடுத்ததும் கொஞ்சமல்ல. நீங்கள் வேலைக்குப் போகும் அதே அவிநாசி சாலையில் இருக்கிறது சின்னியம்பாளையம். அந்த ஊர் மில் தொழிலாளர்கள் நான்கு பேர் 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் 1984இல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைக்குப் போகவில்லை. எட்டு மணி நேரம், போனஸ், பஞ்சப்படி என்று உங்கள் அப்பா மில்லில் அனுபவித்தது இப்படி வந்ததுதான்.

மில் மூடியது சங்கத்தாலா? ஒவ்வொரு மில்லுக்கும் ஒரு கதை. பழைய இயந்திரம், பஞ்சு விலை, நிலத்தின் மதிப்பு நூலின் மதிப்பைத் தாண்டியது, முதலாளி வீட்டுப் பாகப்பிரிவினை என்று எத்தனையோ. சங்கங்கள் சில இடத்தில் பிடிவாதம் பிடித்துக் காரியத்தைக் கெடுத்ததும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 2020 ஊரடங்கில் நின்ற தேசியப் பஞ்சாலைக் கழக மில்களைச் சங்கம் நிறுத்தவில்லை. உங்கள் துறையிலேயே பாருங்கள். ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடியது. அங்கே சங்கம் இருந்தது உண்மை. ஆனால் வருமான வரித் தகராறில் சொத்து முடங்கி, அந்த ஆலை மைக்ரோசாஃப்டுக்குக் கைமாற முடியாமல் போனதும், அந்தக் கம்பெனியின் போன் வியாபாரமே சரிந்ததும்தான் காரணம். சாம்சங்கில் 37 நாள் நின்ற பிறகும் அந்த ஆலை அங்கேயேதான் இருக்கிறது.

கம்பெனி போகவே போகாது என்று நான் எழுதித்தர முடியாது. ஆர்டர் குறைந்தாலும் போகும், பக்கத்து மாநிலம் மானியம் கூட்டிக் கொடுத்தாலும் போகும். அப்படிப் போகிற நாளில் டிரெய்னிக்கு ஒரு கும்பிடு. நிரந்தரத் தொழிலாளிக்கு நோட்டீஸ், நஷ்டஈடு, பணிக்கொடை. மில் மூடியபோது உங்கள் அப்பாவுக்குக் கொஞ்சமாவது பணம் வந்ததா, அது எந்த அடிப்படையில் வந்தது என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள்.

இப்போதே செய்ய வேண்டியவை

மூன்று ஆர்டர்கள், அடையாள அட்டை, எல்லாச் சம்பளச் சீட்டுகள், பி.எஃப். பாஸ்புக், வங்கிக் கணக்கு அறிக்கை, வாட்ஸ்அப்பில் வந்த ஷிஃப்ட் பட்டியல்கள். இவற்றின் நகல் விடுதியில் இருக்கக் கூடாது, ஊரில் இருக்க வேண்டும். புதியவர்களுக்கு நீங்கள் சொல்லிக்கொடுத்ததற்கு ஏதாவது காகிதமோ செய்தியோ இருந்தால் அதுதான் முதல் சாட்சி.

ஆனால் உள்ளே எதையும் போட்டோ எடுக்காதீர்கள். லைனில் போன் கூடாது என்ற விதி உங்கள் மாதிரி ஆலைகளில் கடுமையாக இருக்கும். போர்டையோ வரைபடத்தையோ படம் எடுத்தால், கூலித் தகராறு ஒரே நாளில் வாடிக்கையாளரின் ரகசியத்தைத் திருடிய குற்றச்சாட்டாக மாறிவிடும். அதைக் காரணம் காட்டி வேலையிலிருந்து அனுப்பினால் காப்பாற்றுவது கஷ்டம்.

இருமல் உள்ள பெண்ணை ஈ.எஸ்.ஐ. மருந்தகத்துக்கோ சிங்காநல்லூர் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கோ அனுப்புங்கள். சோல்டரிங்கில் பற்றவைக்கச் சேர்க்கும் பிளக்ஸ் என்ற பொருளின் புகையால் ஆஸ்துமா வருவது மருத்துவ உலகம் அறிந்ததுதான். என்ன வேலை, எத்தனை மணி நேரம், புகை உறிஞ்சும் குழாய் இருந்ததா என்று டாக்டரிடம் சொல்லி, சீட்டில் எழுத வைக்க வேண்டும். வெறும் ‘இருமல்’ என்று எழுதி மருந்து வாங்கி வந்தால் பின்னால் உதவாது.

விடுதி பற்றி. குழுவின் பேச்சு மூன்றே நாளில் ஹெச்.ஆர். காதுக்குப் போயிருக்கிறது என்றால், குழுவில் இருப்பவரோ உங்கள் போனைப் பார்த்தவரோ சொல்லியிருக்கிறார். யார் என்று தேடிச் சண்டை போடாதீர்கள். போனுக்குப் பூட்டுப் போடுங்கள். முக்கியமானதை ஞாயிற்றுக்கிழமை வெளியே நேரில் பேசுங்கள். 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் ஐபோன் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு கெட்டு 159 பேர் மருத்துவமனைக்குப் போன பிறகு, பெண்கள் சாலையில் உட்கார்ந்தபோதுதான் அந்த அறைகளின் நிலை வெளியே தெரிந்தது. வேலையும் படுக்கையும் ஒரே கையில் இருந்தால் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்பது எனக்குப் புரிகிறது. அதனால் மனு போடுவதற்கு முன் நாலு பேர் சேர்ந்து வெளியே ஒரு வாடகை வீடு பார்த்து வைக்க முடியுமா என்று யோசியுங்கள்.

வேலையை விட்டு அனுப்பிவிட்டால் இரண்டு வருடத்துக்குள் தகராறு எழுப்ப வேண்டும். முன்பு மூன்று வருடம் இருந்தது, இப்போது குறைத்துவிட்டார்கள். முதலில் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனு. அங்கே 45 நாளில் முடியாவிட்டால் நேரே தீர்ப்பாயம் போகலாம். வக்கீல் பணத்துக்குப் பயப்பட வேண்டாம். பெண் என்ற ஒரு காரணமே போதும், வருமானம் பார்க்காமல் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். தொலைபேசி எண் 15100.

கையெழுத்துக்கு மாதக் கடைசி கெடு என்கிறீர்கள். அதற்கு முன் ஒரு சனிக்கிழமை பிற்பகல் வாருங்கள். நிரந்தரம் கேட்கும் கடிதத்தை உங்கள் முன்னாலேயே எழுதிவிடலாம். அரைமணி நேர வேலைதான். மூன்று ஆர்டரும் பி.எஃப். பாஸ்புக் அச்சும் கையில் இருக்கட்டும். முடிந்தால் அப்பாவையும் கூட்டிவாருங்கள். எந்த மில் என்று கேட்க வேண்டும்.